அட்லஸ் அந்துப்பூச்சி: படத்தில் பாம்பு, நிஜத்தில் என்ன?

வருஷத்துக்கு இரண்டு மூன்று முறையாவது அந்தப் படம் போனுக்கு வந்துவிடுகிறது. செம்பழுப்பு நிறத்தில், விரித்த கை அளவுக்கு ஒரு பூச்சி. முன் இறக்கைகளின் இரு முனைகளிலும் பாம்பு தலையைத் திருப்பிப் பார்ப்பது போன்ற வடிவம். கீழே ஒரு குறிப்பு: உலகிலேயே மிகப் பெரிய, அரிய வகைப் பாம்புத்தலைப் பட்டாம்பூச்சி, வாயே கிடையாது, இரண்டு வாரம்தான் உயிர் வாழும், அனைவருக்கும் பகிரவும்.

குறிப்பில் உள்ள ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னாலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது, கொஞ்சம் சறுக்கலும் இருக்கிறது. முழுப்பொய்யாக இருந்தால் தூக்கிப் போட்டுவிடலாம். பாதி உண்மை அப்படியில்லை, மண்டையில் தங்கிவிடும். அதனால் அந்தக் குறிப்பையே ஒவ்வொரு சொல்லாகப் பிரித்துப் பார்ப்போம். உயிரியல் படித்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.

பட்டாம்பூச்சியா, அந்துப்பூச்சியா?

‘அந்து’ என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது தானிய மூட்டையைத் திறந்தால் பறக்கும் அந்தச் சாம்பல் நிறப் பொடிப்பூச்சிதான். அந்தப் பெயரை இவ்வளவு பெரிய, இவ்வளவு அழகான ஒன்றுக்கு வைக்க யாருக்கும் மனம் வருவதில்லை. அழகாக இருந்தால் பட்டாம்பூச்சி, அழுக்காக இருந்தால் அந்து என்று ஒரு கணக்கு நம் மனதில் ஓடுகிறது. பூச்சிகளுக்கு அந்தக் கணக்கு தெரியாது.

இரண்டும் ஒரே பெருங்குடும்பம். இறக்கை முழுக்க மிகச் சிறிய செதில்கள் மூடியிருப்பதால் இந்தப் பெருங்குடும்பத்துக்குச் செதிலிறகிகள் என்று பெயர். இதில் அறிவியல் பெயர் சூட்டப்பட்ட அந்துப்பூச்சி இனங்கள் ஏறத்தாழ 1,60,000. வண்ணத்துப்பூச்சிகள் 20,000-க்குள் அடங்கிவிடும். ஆக, வீடு அந்துப்பூச்சிகளுடையது. வண்ணத்துப்பூச்சிகள் அந்த வீட்டின் ஒரு கிளைதான். நாம் கிளையைப் பார்த்துவிட்டு வீட்டுக்காரரை விருந்தாளி என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

எப்படிப் பிரித்தறிவது? பகலில் பறந்தால் வண்ணத்துப்பூச்சி, இரவில் பறந்தால் அந்து என்று பள்ளியில் சொல்லிக்கொடுப்பார்கள். அது அவசரத்துக்கு உதவும், ஆனால் நம்பகமானதல்ல. பகலில் பறக்கும், பளிச்சென்ற நிறமுள்ள அந்துப்பூச்சிகள் நிறைய உண்டு. தலையைப் பாருங்கள். தலையிலிருந்து முன்னால் நீளும் இரண்டு கம்பிகளுக்கு உணர்கொம்பு என்று பெயர். வண்ணத்துப்பூச்சிக்கு அது தீக்குச்சி போல இருக்கும்: மெல்லிய தண்டு, நுனியில் ஒரு குமிழ். அந்துப்பூச்சிக்குக் குமிழ் இருக்காது. நூல் போலவோ, சீப்பு போலவோ, இறகு போலவோ இருக்கும். இதற்கும் விதிவிலக்குகள் உண்டு என்றாலும் பெரும்பாலும் ஏமாற்றாது. அட்லஸின் உணர்கொம்பு சின்னஞ்சிறு பெரணி இலையைப் போலவே இருக்கும். சந்தேகமே இல்லாத அந்து.

இன்னும் கொஞ்சம் நெருங்கிப் போனால், இது காட்டுப் பட்டுப்பூச்சிகளின் குடும்பம். டசர், முகா, எரி என்று நாம் கேள்விப்படும் பட்டுகளைத் தரும் பூச்சிகள் இதன் நெருங்கிய உறவினர்கள். பட்டுக்கும் பட்டாம்பூச்சிக்கும் பெயரில்தான் ஒட்டு. பட்டு நெசவுக்கு நூல் தருவதெல்லாம் அந்துப்பூச்சிகள்தான்.

இதுவரை: படத்தில் இருப்பது அந்துப்பூச்சி, காட்டுப் பட்டுப்பூச்சிக் குடும்பத்தைச் சேர்ந்தது. அடையாளம், குமிழில்லாத, இறகு போன்ற உணர்கொம்பு.

‘உலகிலேயே பெரியது’ என்றால் எதில்?

கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனி வரை கையை விரித்துப் பாருங்கள். ஒரு சாண், சுமார் 23 சென்டிமீட்டர். நன்கு வளர்ந்த அட்லஸ் பெண் பூச்சி இறக்கையை விரித்தால் இந்தச் சாணைத் தொடும், சில நேரம் தாண்டும். ஜாவாவில் கிடைத்த ஒரு பூச்சியின் அளவு 262 மில்லிமீட்டர் என்று பதிவாகியிருக்கிறது. ஆண் கொஞ்சம் சிறியது, இறக்கை முனை இன்னும் கூர்மையாக வளைந்திருக்கும்.

ஆனால் ‘பெரியது’ என்ற சொல்லை வைத்துக்கொண்டு சண்டை போடலாம். ஒரு மனிதர் பெரியவர் என்றால் உயரத்திலா, எடையிலா, வயதிலா? அதே கேள்விதான் இங்கேயும். ஒரு நுனியிலிருந்து மறு நுனி வரை அளந்தால் முதலிடம் அட்லஸுக்கு இல்லை. மத்திய, தென் அமெரிக்கக் காடுகளில் வாழும் தைசானியா அக்ரிப்பினா என்ற வெளிறிய சாம்பல் நிற அந்துப்பூச்சி 30 சென்டிமீட்டரை நெருங்கும். எடையைப் பார்த்தால் ஆஸ்திரேலியாவின் ராட்சத மரத்துளைப்பான் அந்து ஜெயித்துவிடும். அதன் பெண் 30 கிராம் வரை கனக்கும். இறக்கையின் மொத்தப் பரப்பில்தான் அட்லஸ் போட்டிக்கு வருகிறது. அங்கேயும் நியூ கினியிலும் வட ஆஸ்திரேலியாவிலும் வாழும் ஹெர்குலிஸ் அந்துப்பூச்சி அதற்குச் சரியான எதிராளி.

பரப்பைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பல இடங்களில் 400 சதுர சென்டிமீட்டர் என்று எழுதியிருக்கும். ஒரு ஏ4 தாளின் பரப்பு சுமார் 624 சதுர சென்டிமீட்டர். அப்படியானால் இந்தப் பூச்சி ஏ4 தாளில் மூன்றில் இரண்டு பங்கை இடைவெளியில்லாமல் மூட வேண்டும். விரித்த இறக்கையின் படத்தை எடுத்துப் பாருங்கள்: நடுவில் உடம்பு, கீழே வளைவு, முன் இறக்கைக்கும் பின் இறக்கைக்கும் இடையே வெட்டு. 24 சென்டிமீட்டர் அகலத்தில் அந்த எண் வருவது கடினம். 160 சதுர சென்டிமீட்டர் என்ற கணக்கு எனக்கு நம்பும்படியாக இருக்கிறது. அதுவே ஒரு பூச்சிக்கு ஏராளம்.

இறக்கையைக் கிட்டப்போய்ப் பார்த்தால்

தூரத்திலிருந்து பார்த்தால் இறக்கையின் அடிப்படை நிறம் காவியும் செம்பழுப்பும் கலந்தது. காய்ந்த இலையின் நிறம் என்று சொன்னால் சரியாக இருக்கும். அதன் மேல் வெள்ளை, கறுப்பு, இளஞ்சிவப்புக் கோடுகள் வளைந்து வளைந்து ஓடுகின்றன. பின் இறக்கையின் ஓரத்தில் வெளிர் மஞ்சள் பட்டை, அதற்குள் அலையலையாக ஒரு கறுப்புக் கோடு. உடம்பு ரோமம் அடர்ந்தது, இறக்கையோடு ஒப்பிட்டால் வியக்கும்படி சிறியது. பெரிய பட்டத்தில் ஒரு கட்டைவிரலை ஒட்டி வைத்தது போல.

இந்தக் கோடுகள் நிலப்படம் போல இருப்பதால் ‘அட்லஸ்’ என்ற பெயர் வந்தது என்று ஒரு சாரார் சொல்வார்கள். கிரேக்கப் புராணத்தில் வானத்தைத் தோளில் தாங்கும் அட்லஸ் என்ற ராட்சதனின் பெயர் என்று இன்னொரு சாரார். பெயர் வைத்தவர் ஸ்வீடனைச் சேர்ந்த லின்னேயஸ், ஆண்டு 1758. உயிர்களுக்கெல்லாம் இரட்டைப் பெயர் சூட்டும் முறையைக் கொண்டுவந்தவர் அவர். அந்த முறையில் இதன் முழுப்பெயர் அட்டாகஸ் அட்லஸ்.

இப்போது இன்னும் கிட்டே. நிறம் என்று நாம் பார்த்தது சாயம் அல்ல, செதில்கள். ஓட்டுக் கூரையில் ஓடுகளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே அடுக்கு இங்கே கண்ணுக்குத் தெரியாத அளவில் இருக்கிறது. ஒவ்வொரு செதிலுக்கும் ஒரு நிறம். ஆயிரக்கணக்கான செதில்கள் சேர்ந்து கோடாகவும் புள்ளியாகவும் தெரிகின்றன. பூச்சியைப் பிடித்தால் விரலில் ஒட்டும் ‘பொடி’ இதுதான். அதைத் தட்டிவிட்டால் கூரையிலிருந்து ஓட்டைப் பெயர்த்த மாதிரி; திரும்ப முளைக்காது.

நான்கு இறக்கைகளின் நடுவிலும் ஒவ்வொரு முக்கோணம் இருக்கிறது. படத்தில் அது வெள்ளைப் புள்ளி போலத் தெரியும். உண்மையில் அது வெள்ளை அல்ல, ஜன்னல். அந்த இடத்தில் நிறச்செதில்களின் போர்வை இல்லை, கண்ணாடிக் காகிதம் போன்ற தோல் மட்டும்தான். பூச்சி பச்சை இலை மேல் உட்கார்ந்திருந்தால் முக்கோணத்துக்குள் பச்சை தெரியும். சுண்ணாம்புச் சுவரில் உட்கார்ந்திருந்தால் வெள்ளை. படங்கள் பெரும்பாலும் சுவரில் எடுக்கப்பட்டவை, அதனால்தான் வெள்ளைப் புள்ளி என்ற எண்ணம். முதல்முறை இது தெரிந்தபோது பழைய படங்களையெல்லாம் மறுபடி எடுத்துப் பார்த்தேன். ஜன்னல் வழியே சுவரின் விரிசல்கூடத் தெரிந்தது.

கடைசியாக அந்தப் புகழ்பெற்ற முனை. முன் இறக்கையின் மேல் மூலை வெளிப்பக்கமாக நீண்டு, மடங்கி, நெளிந்திருக்கும். அதில் ஒரு கறுப்புப் புள்ளி, அதைச் சுற்றி இளஞ்சிவப்பும் மஞ்சளும். புள்ளியைக் கண்ணாக எடுத்துக்கொண்டால் பாம்பு தயார். அதற்கு அப்புறம் வருவோம்.

வாய் இல்லாமல் எப்படி?

குறிப்பில் பெரும்பாலும் சரியான பகுதி இது. முழு வளர்ச்சியடைந்த அட்லஸ் சாப்பிடுவதில்லை. தேன் உறிஞ்சும் குழல் இதற்குப் பெயரளவுக்கு ஒரு மிச்சமாக மட்டுமே இருக்கிறது, வேலை செய்யாது. ஆகவே இது கடிக்காது. கொடுக்கும் இல்லை, கொட்டவும் கொட்டாது.

சார்ஜ் போட வழியில்லாத டார்ச் விளக்கை நினைத்துக்கொள்ளுங்கள். தொழிற்சாலையிலேயே முழு சார்ஜ் ஏற்றித் தருகிறார்கள். தீர்ந்தால் அவ்வளவுதான். அதிலிருந்து ஒவ்வொரு நிமிட வெளிச்சத்தையும் பார்த்துப் பார்த்துச் செலவழிக்க வேண்டும். அட்லஸின் தொழிற்சாலை அதன் புழுப்பருவம்.

கதை இலையின் அடிப்பக்கத்தில் தொடங்குகிறது. சுமார் இரண்டரை மில்லிமீட்டர் அகலத்தில் வட்டமான முட்டைகள். ஏறத்தாழ இரண்டு வாரத்துக்குள் புழு வெளியே வந்து தின்னத் தொடங்கும். எலுமிச்சை வகை, கொய்யா, இலவங்கப்பட்டை மரம், பெருமரம் என்று பல மரங்களின் இலையை இது ஏற்றுக்கொள்கிறது. வளர வளரத் தோலை உரிக்கும், மறுபடி தின்னும். கடைசிக் கட்டத்தில் 11 சென்டிமீட்டர் வரை நீண்டு விரல் மொத்தத்துக்கு வந்துவிடும். நீலப்பச்சை உடம்பின் மேல் மாவைத் தூவியது போல வெள்ளை மெழுகுப் பொடி பூத்திருக்கும். தொந்தரவு செய்தால் நெடி வீசும் ஒரு திரவத்தைப் பீய்ச்சும். எறும்புகளையும் பல்லிகளையும் விரட்ட அதுவே போதும்.

தின்று முடித்ததும் இலைகளைச் சேர்த்துப் பட்டு நூலால் தன்னைச் சுற்றிக் கூடு கட்டிக்கொள்ளும். உள்ளே இருக்கும் அசையாத நிலைக்குக் கூட்டுப்புழு என்று பெயர். புழுவின் உடம்பு பிரிக்கப்பட்டு, பறக்கும் உடம்பாக மறுபடி கட்டப்படுவது இந்த நிலையில்தான். ஏறக்குறைய நான்கு வாரம் ஆகும். தட்பவெப்பம் ஒத்துவராவிட்டால் இன்னும் நீளும்.

மல்பெரிப் பட்டுப்புழுவின் கூடு ஒரே நீண்ட நூலால் ஆனது, அதனால் உருவி எடுக்கலாம். அட்லஸின் நூல் துண்டு துண்டானது, பழுப்பு நிறம், கம்பளி போன்ற தன்மை. ஃபகாரா பட்டு என்று அதற்குத் தனிப்பெயர் உண்டு. உருவ முடியாது, நூற்கத்தான் வேண்டும். பெரிய வியாபாரம் ஆகவில்லை. தைவானில் காலிக் கூட்டுக்கு ஜிப் வைத்துச் சில்லறைப் பையாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அந்த அளவு கெட்டியான கூடு.

வெளியே வரும் காட்சியைப் பார்க்காதவர்கள் காணொளியிலாவது பார்க்க வேண்டும். கூட்டின் மேல் நுனி ஈரமாகிறது. ரோமத் தலை முண்டிக்கொண்டு வருகிறது. பின்னாலேயே ஊதிப்போன வயிறு. இறக்கை இருக்க வேண்டிய இடத்தில் நனைத்துப் பிழிந்த கைக்குட்டை போல நான்கு சுருணைகள். பூச்சி கூட்டையே பிடித்துத் தொங்குகிறது. உடம்பிலிருக்கும் திரவத்தை இறக்கை நரம்புகளுக்குள் செலுத்தச் செலுத்தச் சுருணை பிரிந்து, வழிந்து, கீழ்நோக்கி விரிகிறது. பிறகு அசையாமல் காய வைக்க வேண்டும். அந்தச் சமயத்தில் விழுந்தாலோ, தொங்க இடமில்லாவிட்டாலோ இறக்கை கோணலாகவே இறுகிவிடும், அப்புறம் பறக்க முடியாது.

அதற்குப் பிறகு மிஞ்சும் நாட்கள் ஒன்று அல்லது இரண்டு வாரம். ‘இரண்டு வாரம்தான் உயிர் வாழும்’ என்று இரங்குவதில் உள்ள சறுக்கல் இங்கேதான். முட்டையிலிருந்து கணக்குப் போட்டால் அதன் ஆயுள் சில மாதங்கள். நாம் பார்ப்பது கடைசி அத்தியாயம்.

அந்த அத்தியாயத்துக்கு ஒரே வேலை: துணை தேடி முட்டையிடுவது. முட்டைகளால் கனத்த பெண் கூட்டை விட்டு அதிகம் நகராது. உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒரு வாசனையைக் காற்றில் விடும். ஓர் உயிர் தன் இனத்துக்குச் செய்தி சொல்ல வெளியிடும் இத்தகைய வேதிப்பொருளுக்கு ஃபெரோமோன் என்று பெயர். காற்றில் நூலாக நீளும் புகையைப் போல அது போகும். ஆணின் உணர்கொம்பு பெண்ணுடையதைவிட அகலமான இறகாக இருப்பது இதற்காகத்தான். வலை அகலமாக இருந்தால் மீன் அதிகம் சிக்கும், அதே கணக்கு. சில கிலோமீட்டர் தூரத்திலிருந்துகூட அந்த இழையைப் பிடித்து, காற்றை எதிர்த்து வளைந்து வளைந்து வந்து சேரும்.

இதுவரை: சாப்பாடெல்லாம் புழுப்பருவத்தில் முடிந்துவிட்டது. பறக்கும் பருவத்தில் இருப்பு கரையும் வரைதான் நேரம். பெண் உட்காரும், ஆண் தேடும்.

எங்கே வாழ்கிறது?

சாப்பிடாத, அதிகம் பறக்காத ஒரு பூச்சி எங்கே வாழும் என்பதைப் புழுதான் தீர்மானிக்கிறது. புழுவுக்குப் பிடித்த இலை, அது வளரும் அளவுக்கு வெப்பம், ஈரம். இந்த மூன்றும் சேரும் இடங்களை நிலப்படத்தில் இணைத்தால் கிட்டத்தட்ட வெப்பமண்டல ஆசியா கிடைக்கும். இமயமலை அடிவாரம், வடகிழக்கு இந்தியா, மியான்மர், தென் சீனா, தைவான், தாய்லாந்து, மலேசியா, சுமத்ரா, ஜாவா, போர்னியோ. ஜப்பானின் மேற்குக் கோடியில் இருக்கும் யொனகுனி தீவிலும் இருக்கிறது. அந்தத் தீவு மக்கள் அதை அயாமிஹபிரு என்கிறார்கள். கோலம் போட்ட வண்ணத்துப்பூச்சி என்று பொருள் கொள்ளலாம்.

இப்போது நம் பக்கத்துக்கு வருவோம். மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதிகளிலோ இலங்கையிலோ எடுத்த படத்தைப் போட்டு ‘அட்லஸ்’ என்று எழுதும்போது ஒரு நுணுக்கம் தவறிப்போகிறது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இருப்பதைப் பூச்சியியலாளர்கள் தனி இனமாகவே வைக்கிறார்கள்: அட்டாகஸ் டாப்ரோபானிஸ். 19ஆம் நூற்றாண்டில் ஃபிரடெரிக் மூர் என்ற ஆங்கிலேயர் வைத்த பெயர். இலங்கையைப் பழைய கிரேக்கர்கள் தாப்ரோபேன் என்றார்கள். அது தாமிரபரணி என்ற சொல்லின் திரிபு என்பார்கள். பொருநைக் கரைக்காரர்கள் இந்தப் பூச்சியின் பெயரில் தங்கள் ஆற்றைக் கண்டுபிடித்து மகிழலாம். அந்தமான் தீவுகளுக்கும் ஒரு தனி இனம் இருக்கிறது, பிலிப்பைன்ஸுக்கு வேறு.

ஏன் இப்படிப் பிரிகின்றன? ஒரே பேச்சு பேசிய கூட்டம் இரண்டாகப் பிரிந்து, நடுவில் கடலோ மலையோ வந்துவிட்டால், சில தலைமுறைகளில் பேச்சு மாறிப்போகும் அல்லவா? அதே மாதிரிதான். பெண் பூச்சி கடல் தாண்டிப் போகாது. தனியாகிவிட்ட கூட்டம் தனக்குள்ளேயே இனம் பெருக்கும். சின்னச் சின்ன மாற்றங்கள் கூடிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் அது வேறு இனம். பேச்சில் இது நூற்றாண்டுகளில் நடக்கும், பூச்சியில் மிக மிக நீண்ட காலம் பிடிக்கும் என்பதே வித்தியாசம்.

பூச்சி கடல் தாண்டாது, மனிதர்கள் தாண்டவைப்பார்கள். 2022 ஜூலையில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள பெல்வ்யூ நகரில் ஒரு அட்லஸ் அந்துப்பூச்சி தென்பட்டது. அந்த நாட்டில் உறுதி செய்யப்பட்ட முதல் பதிவு அது. ஆப்பிள், செர்ரி மரங்களையும் புழு தின்னக்கூடும் என்பதால் அங்கே இது தடை செய்யப்பட்ட பூச்சி. அனுமதி இல்லாமல் முட்டையையோ கூட்டையோ உயிரோடு வைத்திருப்பதுகூடச் சட்டப்படி குற்றம். நாம் அதிசயம் என்று படம் பிடிப்பதை அவர்கள் பயிர்ப்பூச்சி என்று தேடினார்கள்.

‘அரிய வகை’ என்ற சொல் செய்திகளில் தவறாமல் வரும். அரிதாக இருப்பது வேறு, அரிதாகக் கண்ணில் படுவது வேறு. இரவில் இயங்கும், பகலில் காய்ந்த இலை போல அசையாமல் இருக்கும், இறக்கையோடு ஓரிரு வாரம்தான் நடமாடும். இத்தனைக்கும் பிறகு அடிக்கடி கண்ணில் பட்டால்தான் ஆச்சரியம்.

பாம்பு விஷயம்

இனி அந்த முனை. ஒரு உயிர் இன்னொன்றைப் போலத் தோன்றி எதிரியை ஏமாற்றுவதற்குப் பாவனை என்று பெயர். விஷமில்லாத பாம்பு விஷப்பாம்பின் பட்டைகளைக் கொண்டிருப்பது, ஈ ஒன்று குளவியின் மஞ்சள் கோட்டோடு திரிவது எல்லாம் பாவனைதான்.

இதை விளக்கும்போது நாம் பயன்படுத்தும் மொழிதான் குழப்பத்தின் ஊற்று. ‘பறவைகளைப் பயமுறுத்தப் பாம்பு வேடம் போட்டுக்கொண்டது’ என்று எழுதுகிறோம். பூச்சி எந்த வேடத்தையும் போடவில்லை. தன் இறக்கை முனை எப்படி இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. பாம்பு என்றால் என்ன என்றும் தெரியாது. சல்லடையை நினைத்துக்கொள்ளுங்கள். சல்லடை மணலைப் பார்த்து நீ வா, நீ போ என்று சொல்வதில்லை. கண்ணிக்குள் புகும் பொடி கீழே போகிறது, புகாத கல் மேலே நிற்கிறது. முனையில் கொஞ்சம் புள்ளியும் வளைவும் உள்ள பூச்சியைக் கொத்த வந்த பறவை ஒரு கணம் தயங்கியிருக்கலாம். அந்த ஒரு கணத்தில் தப்பியது முட்டையிட்டது. அதன் பிள்ளைகளுக்கும் அதே முனை. தலைமுறை தலைமுறையாகச் சலித்தால் புள்ளி கண்ணாகிறது, வளைவு தலையாகிறது. இப்படி யாரும் தேர்ந்தெடுக்காமலேயே நடக்கும் தேர்வுக்கு இயற்கைத் தேர்வு என்று பெயர்.

கேண்டனீஸ் மொழியிலும் இதற்குப் பாம்புத்தலை அந்து என்றே பெயர், ஆகவே பாம்பைப் பார்ப்பது நாம் மட்டும் இல்லை. தொந்தரவு செய்தால் தரையில் விழுந்து இறக்கையை மெதுவாக நெளிப்பதும் அந்தக் கதைக்குப் பொருந்துகிறது. ஆனால் இது இன்னும் ஒரு கருதுகோள்தான், பள்ளிப்பாடம் போல முடிந்த விஷயம் அல்ல. பாம்பு தெரிவது மனிதக் கண்ணுக்கு. யொனகுனி மக்களுக்கு அதே பூச்சியில் கோலம் தெரிந்தது.

எனக்கு இதைவிடச் சுவாரசியமாகப் படுவது வேறொன்று. அட்லஸ் பறப்பது இரவில். இரவில் அதை வேட்டையாடுவது வௌவால். கும்மிருட்டில் புள்ளியும் வேண்டாம், நிறமும் வேண்டாம். வௌவால் ஒலியால் பார்க்கிறது. மனிதக் காதுக்கு எட்டாத உயர்ந்த ஒலியை, அதாவது மீயொலியை, விட்டுவிட்டு எழுப்பி, பொருள்மீது பட்டுத் திரும்பும் எதிரொலியை வைத்து இரை எங்கே என்று கணிக்கிறது. வௌவாலின் கூச்சலைக் கேட்டு விலகும் அந்துப்பூச்சிகள் பல உண்டு. அட்லஸுக்கோ காதே இல்லை. செவிட்டுப் பூச்சி எப்படித் தப்பிக்கும்?

பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதற்குப் பதில் சொன்னது. காட்டுப் பட்டுப்பூச்சிகளின் இறக்கையில் எந்தப் பகுதி எவ்வளவு ஒலியைத் திருப்பி அனுப்புகிறது என்று அளந்தார்கள். மடங்கி நெளிந்த அந்த முனைதான் பலமாக எதிரொலித்தது, உடம்பைவிடவும் பலமாக. இரவில் சைக்கிளின் பின்னால் மின்னும் சிவப்புச் சில்லைப் பார்த்திருப்பீர்கள். வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் வந்த திசைக்கே திருப்பி அனுப்பும், அதனால்தான் தூரத்திலிருந்தே பளிச்சென்று தெரிகிறது. இறக்கை முனையின் மடிப்புகள் ஒலிக்கு அந்தச் சில்லு. உடம்பின் அடர்ந்த ரோமமோ ஒலியை உறிஞ்சிக்கொள்கிறது. ஆக, வௌவாலின் காதில் உடம்பு மங்கலாகவும் முனை பளீரென்றும் ‘தெரிகிறது’. அது பாய்வது முனையின்மேல். ஒரு துண்டு இறக்கை கிழியும், பூச்சி பறந்துவிடும். பல்லி வாலை விட்டுவிட்டு ஓடுவது நமக்குத் தெரியும், இது அதன் ஒலிவடிவம்.

படத்தில் நாம் வட்டம் போட்டுக் காட்டும் அதே முனைதான் இது. நாம் ‘பாம்பின் தலை’ என்று அதிசயிக்கும் இடம் வௌவாலுக்கு உடம்பைவிடக் கொழுத்த இரை. இரண்டில் ஒன்றுதான் உண்மையாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. ஒரே முனை பகலில் பறவையின் கண்ணுக்கும் இரவில் வௌவாலின் காதுக்கும் வேலை செய்யலாம். ஆனால் ஒலிக் கதைக்கு அளந்து பார்த்த எண்கள் இருக்கின்றன. பகிரப்படும் படங்களில் அந்தக் கதையை நான் பார்த்ததே இல்லை.

இதுவரை: பாம்பு வடிவம் யாரும் போட்ட வேடம் இல்லை, சலித்துச் சலித்து மிஞ்சியது. அந்த முனைக்கு இருட்டிலும் ஒரு வேலை உண்டு: வௌவாலின் கவனத்தை உடம்பிலிருந்து திருப்புவது.

சுவரில் வந்து உட்கார்ந்தால்

பெரும்பாலோர் இதைச் சந்திப்பது விளக்கு எரியும் சுவரில்தான். விளக்கில் விழும் விட்டில் என்று ஆசைக்கு உவமை சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். ஆசை எல்லாம் இல்லை. பறக்கும் பூச்சிகள் வெளிச்சம் வரும் பக்கத்தை மேல் என்று எடுத்துக்கொண்டு முதுகை அந்தப் பக்கம் சாய்க்கின்றன என்று 2024-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. வானம் மட்டுமே வெளிச்சமாக இருந்த காலத்தில் அது சரியான வழக்கம். பக்கத்தில் ஒரு பல்பு வந்ததும் திசை கெட்டு அதையே சுற்றுகின்றன.

ஆகவே செய்ய வேண்டியது விளக்கை அணைப்பது. தேனோ சர்க்கரைத் தண்ணீரோ வைக்க வேண்டாம், குடிக்க அதற்கு வழியில்லை. கையில் எடுத்துப் படம் பிடிக்க வேண்டாம், செதில் உதிரும். துடைப்பத்தை எடுக்கவும் வேண்டாம், அது உங்களை ஒன்றும் செய்யாது. உட்கார்ந்திருப்பது எது என்று தெரிந்துகொள்ள உணர்கொம்பைப் பாருங்கள். அகலமான இறகாக இருந்தால் ஆண், இருட்டானதும் கிளம்பிவிடும். ஒடுங்கியதாக, வயிறு தடித்து இருந்தால் பெண். மறுநாள் இரவும் அங்கேயே இருந்தால் ஜன்னலுக்கு வெளியே கொஞ்சம் கவனித்துப் பாருங்கள், அதைவிடச் சற்றுச் சிறிய இன்னொன்று காற்றை எதிர்த்து வந்துகொண்டிருக்கலாம்.